சாக்ஸுக்குள் வந்த செடி

முதலில் வந்தது சத்தம்தான். டிங். வெள்ளி டம்ளரின் விளிம்பில் மோதிரம் படுகிற சத்தம்.

பெண் பார்க்க வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். திரிபுரசுந்தரி சமையலறையில் நின்றிருந்தாள். மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்கும் முன்பே அந்தச் சத்தத்தைக் கேட்டாள். அதன் பின்னாலேயே ஒரு குரல் வந்தது. கொள்ளிடம் கரை புரண்ட வருஷம் சினை எருமை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு நீந்தி அக்கரை சேர்ந்த கதை. எருமையின் கண்ணில் தண்ணீர் படக்கூடாது என்று இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாராம். இரண்டு கையும் எருமைக்குப் போனால் எதனால் நீந்தினீர்கள் என்று அவள் அப்பா கேட்கவில்லை. மாப்பிள்ளைக்கு மின்வாரியத்தில் வேலை. உள்ளே நின்றவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்க வைக்கிறவனோடு காலத்தைத் தள்ளிவிடலாம் என்று இருபத்தொரு வயதில் தோன்றியது. அந்த வயதில் எதுதான் தோன்றாது?

நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. வெள்ளி டம்ளர் எவர்சில்வர் ஆயிற்று, வைத்தியலிங்கத்தின் தலை வழுக்கை ஆயிற்று, மோதிரம் விரலோடு இறுகிப்போயிற்று. சத்தம் மட்டும் மாறவில்லை. டிங் என்றால் ஒரு புளுகு புறப்பட்டுவிட்டது, அடுப்பில் இருக்கும் பாலை இறக்கி வைத்துவிட்டு வந்து கேட்கலாம் என்று அர்த்தம். நாலு பேர் முன்னால் அவள் அவரை ஒருநாளும் மறுத்துப் பேசியதில்லை. பதிபக்தி ஒன்றும் இல்லை. ஒரு புளுகை மறுத்தால் அதைக் காப்பாற்ற ஒன்பது புளுகு வரும், ஒன்றோடு போகட்டும் என்ற சிக்கனம்தான்.

அந்தச் சத்தம் ஒரே ஒருமுறை நின்றது. போன குளிர்காலத்தில், கனடாவில், மகன் வீட்டில். மகனின் அலுவலக நண்பர்கள் சாப்பிட வந்திருந்தார்கள். வைத்தியலிங்கம் கண்ணாடி டம்ளரில் ஒரு தட்டுத் தட்டி எருமையைத் தோளில் ஏற்றினார். கொள்ளிடத்தில் கால் வைப்பதற்குள் மகன், "அப்பா, ப்ளீஸ். இன்னிக்கு வேண்டாம்" என்றான். எல்லோரும் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார்கள். அதன்பிறகு விமானம் ஏறும்வரை அந்த மனிதர் ஜன்னலோரம் உட்கார்ந்து பனி கொட்டுவதைப் பார்த்தார். "சரி", "வேண்டாம்" என்ற இரண்டு சொல்லில் இரண்டு மாதத்தை ஓட்டினார். வாழ்நாள் முழுக்க அவள் கேட்டிருந்த அமைதி கிடைத்தது. குழாயில் தண்ணீர் நின்றுபோன வீடு போல இருந்தது.

திருச்சிக்குத் திரும்பி மொட்டை மாடிக்கு ஏறிய பிறகுதான் அவருக்கு வாய் திறந்தது.

உறையூரில் அவர்கள் இருந்த அடுக்ககத்தின் மொட்டை மாடியில் நாலு குடும்பங்கள் தொட்டியில் தோட்டம் போட்டிருந்தார்கள். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை அங்கே கூடுவார்கள். விதை மாற்றிக்கொள்வார்கள், பூச்சிக்கு மருந்து பேசுவார்கள், யாராவது வடை கொண்டுவருவார்கள். ஓய்வு பெற்ற ஆசிரியை ஜுலேகா டீச்சர். இன்சூரன்ஸ் ஏஜெண்ட் பிச்சுமணி. இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்ற இருதயராஜ், கடைசிச் சில வருஷம் மதுவிலக்குப் பிரிவில் இருந்தவர். அவர் ஓய்வு பெற்றாலும் மீசை ஓய்வு பெறவில்லை. பிறகு வைத்தியலிங்கம். அவர் இதுவரை நட்டது எதுவும் இல்லை. நட்டதும் நீர் ஊற்றியதும் திரிபுரசுந்தரி. அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து தோட்டத்துக்குக் குரல் கொடுத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜுலேகா டீச்சர் ஒரு கத்திரி இலையைக் கொண்டுவந்து நீட்டினார். அடிப்பக்கம் முழுக்க மாவு அப்பினாற்போல் வெள்ளையாக மாவுப்பூச்சி.

"என்ன பண்ணியும் போக மாட்டேங்குது. செடியே சூம்பிப் போச்சு."

"வேப்பெண்ணெயில சோப்புத் தண்ணி கலந்து அடிங்க டீச்சர்" என்றார் பிச்சுமணி.

"அடிச்சாச்சு. குளிச்சுட்டு வந்த மாதிரி இன்னும் வெளேர்னு உக்காந்திருக்கு."

டிங்.

படிக்கட்டு நிழலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த திரிபுரசுந்தரியின் கை ஒரு கணம் நின்றது. வந்துவிட்டது.

"மாவுப்பூச்சியெல்லாம் ஒரு பூச்சியா டீச்சர்" என்றார் வைத்தியலிங்கம். "கனடாவுல நான் கஞ்சா வளர்த்தப்ப பார்த்தேனே, அது பூச்சி."

பிச்சுமணி கையிலிருந்த வடையைக் கீழே வைத்துவிட்டு மாடிக் கதவைப் பார்த்தார். இருதயராஜ் மீசையைத் தடவினார்.

"என்ன வளர்த்தீங்க?"

"கஞ்சா சார். அங்க சட்டப்படி வீட்டுக்கு நாலு செடி வச்சுக்கலாம். நம்ம துளசி மாதிரி. பக்கத்து வீட்டுல ப்ரையன்னு ஒரு வெள்ளைக்காரக் கிழவர். வீட்டுக்குக் கீழே நிலவறையில வச்சிருந்தார். வச்சவருக்கு வளர்க்கத் தெரியலை. ஒருநாள் கதவைத் தட்டி அழறார். வைத்தி, நீ ஒருத்தன்தான் காப்பாத்த முடியும்னு."

திரிபுரசுந்தரிக்குத் தெரிந்த வரலாறு வேறு. ப்ரையன் என்று ஒரு கிழவர் இருந்தது உண்மை. முழங்கால் வலிக்காக நாலு செடி வைத்திருந்ததும் உண்மை. அவருக்கு வந்து, தப்பாக மகன் வீட்டுப் பெட்டியில் விழுந்த தபாலைக் கொடுக்கப் போனபோது நிலவறைக் கதவைத் திறந்து காட்டினார். இவர் செருப்பைக் கையில் பிடித்தபடி வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். ஒரு வாய்க் காப்பி ஆறுகிற நேரம். அந்த வாசற்படியில்தான் இப்போது தோட்டம் போடுகிறார்.

"நான் போய்ப் பார்த்தேன். செடிக்கு உயிர் தொண்டையில நிக்குது. ஒரு டம்ளர் மோரை ஊத்தினேன். காலையில கூரையை முட்டுது. மத்தியானம் கூரைக்கு மேலே. ராத்திரி ப்ரையன் சம்சாரம் கத்துறாங்க, கட்டில்ல நடுவுல யாரோ படுத்திருக்காங்கன்னு. பார்த்தா செடி."

"மோருக்கே இப்படியா" என்றார் பிச்சுமணி. "தயிரை ஊத்தியிருந்தா பிளேன்ல இடிச்சிருக்கும்."

"இடிச்சுது. அதைச் சொல்ல வேண்டாம்னு பார்த்தேன்." வைத்தியலிங்கத்துக்குக் கேலி என்பது ஊறுகாய். தொட்டுக்கொண்டு மேலே போவார். "அப்புறம் அந்த விளக்கு. செடிக்கு வெயில் வேணுமே, அங்க வெயில் ஏது? பெரிய விளக்கா ஒண்ணைக் கட்டினேன். போட்ட உடனே வாசல்ல பனியில நின்ன தபால்காரனுக்கு வேர்த்துடுச்சு. கூரைப் பனி உருகி ஓடுச்சு. காக்கா வந்து சித்திரை பொறந்துடுச்சுன்னு முட்டை போட்டுட்டுப் போச்சு."

"முப்பது வருஷம் மின்வாரியத்துல இருந்தீங்க. நம்ம தெருவுல ஒரு டியூப்லைட் உங்களால எரியலை" என்றார் ஜுலேகா டீச்சர்.

திரிபுரசுந்தரி மனசுக்குள் டீச்சருக்கு ஒரு மதிப்பெண் போட்டாள்.

"டியூப்லைட் கிடக்கட்டும் டீச்சர். குளோன் கேள்விப்பட்டிருக்கீங்களா?"

"ஆட்டுக்குட்டிக்குப் பண்ணினாங்களே, அதா?"

"அதேதான். செடிக்குப் பண்ணினா நம்ம பதியன். செம்பருத்திக் குச்சியை ஒடிச்சு நடறோமில்ல? தாய் எப்படியோ பிள்ளை அப்படியே. ப்ரையன் என்னென்னமோ பொடி வாங்கி வச்சிருந்தார். நான் அதைத் தூக்கி எறிஞ்சுட்டு, ஒரு குச்சியை ஒடிச்சு, குடிச்சு மிச்சம் வச்ச கும்பகோணம் காப்பியில நட்டேன். ஷூ கயிறு கட்டக் குனிஞ்சேன். நிமிர்றதுக்குள்ள வேர் டம்ளரை விட்டு இறங்கி, மேஜைக் காலைச் சுத்தி, என் ஷூ கயிறையும் சேர்த்து முடிச்சுப் போட்டிருக்கு. அன்னிக்கு நான் அந்த மேஜையோடதான் வீட்டுக்கு நடந்து போனேன்."

"பார்த்தேன்" என்றாள் திரிபுரசுந்தரி, கீரையிலிருந்து தலையைத் தூக்காமல். "ரொம்ப நல்லாருந்துச்சு." மறுக்கவில்லை, ஆனால் அந்தக் குரலில் ஒரு முறம் உமி இருந்தது.

"கேளுங்க, இவளே சாட்சி. அப்படி நாப்பது பிள்ளை எடுத்தேன். தாய்ச் செடியில மூணாவது கிளையில ஒரு இலையைப் புழு கடிச்சிருந்துச்சு. நாப்பது பிள்ளைக்கும் மூணாவது கிளையில அதே கடி. புழுவே இல்லாம. ஒண்ணுக்குத் தண்ணி ஊத்தினா நாப்பதும் நனையும். ஒண்ணைக் கிள்ளினா நாப்பதும் இலையைச் சுருக்கும். ஒரு குச்சியைச் சட்டைப்பையில பேனாவுக்குப் பக்கத்துல மறந்து வச்சுட்டேன். மூணு நாள் கழிச்சு நெஞ்சு படம் எடுத்த டாக்டர் கேக்கறார், சார், உங்க விலா எலும்புல ஏன் துளிர் விட்டிருக்குன்னு."

"மூளைப் பக்கம் ஒண்ணு நட்டிருக்கலாம்" என்றார் பிச்சுமணி. "தரிசா கிடக்கே."

எல்லோரும் சிரித்தார்கள். வைத்தியலிங்கமும் சிரித்தார். அவரைத் திட்டினால் அவருக்கு வலிப்பதில்லை. கேட்காமல் விட்டால்தான் வலிக்கும். இதை இந்த மாடியில் ஒருத்திதான் அறிவாள்.

"பூச்சிக்கு வாங்க சார்" என்றார் ஜுலேகா டீச்சர். "என் கத்திரி சாகுது."

"வர்றேன். நாப்பது செடி ஒரு அறையில நின்னா பூச்சி வராம இருக்குமா? செம்பேன் வந்துச்சு, வெள்ளை ஈ வந்துச்சு, அசுவினி வந்துச்சு. ப்ரையன் மருந்து அடிக்கணும்னார். பொறுங்கன்னேன். செம்பேன் முதல் நாள் இலையைத் தின்னுச்சு. ரெண்டாம் நாள் தின்னுட்டு யோசிச்சுது. மூணாம் நாள் தின்னறதை விட்டுட்டு யோசிக்க மட்டும் செஞ்சுது. வெள்ளை ஈ இருக்கே, அதுக்குப் பறக்கத் தெரியுங்கறதே மறந்துபோச்சு. வரிசையா நடந்து போகுது. பாதி வழியில, நாம எங்க கிளம்பினோம்னு ஒண்ணை ஒண்ணு கேக்குது. எறும்பு பார்த்தீங்களா, சுறுசுறுப்புக்கு உதாரணம் சொல்றோம். அது மண்ணுல மல்லாந்து படுத்துட்டு, நாளைக்குப் பார்க்கலாம்னு சொல்லுது."

"எந்த பாஷையில?" என்றார் இருதயராஜ்.

"இங்கிலீஷ்தான். கனடா எறும்பு. அப்புறம் பொறிவண்டு வாங்கினேன். அங்க அட்டைப் பெட்டியில கடையிலேயே விக்கறான், அசுவினியைத் தின்னறதுக்குன்னு. திறந்து விட்டேன். வேகமா போச்சு. அசுவினி கிட்ட போய் ஒரு மூச்சு இழுத்துச்சு. அவ்வளவுதான். தப்பா நினைக்காதீங்கன்னு சொல்லிட்டுப் பக்கத்துல உக்காந்துடுச்சு. ஆனா எல்லாத்துக்கும் கோரப் பசி. ப்ரையன் வீட்டு பிஸ்கட் டப்பா காலி. மறுநாள் ரொட்டி காலி. கடைசியில நான்தான் இறங்கினேன். ஒரு நாற்காலியைப் போட்டு நடுவுல உக்காந்து, நான் லால்குடி சப்ஸ்டேஷன்ல வேலை பார்த்த கதையை ஆதியிலேர்ந்து சொல்ல ஆரம்பிச்சேன். காலையில பார்த்தா ஒரு பூச்சி இல்லை. குஞ்சு குளுவானையெல்லாம் முதுகுல ஏத்திக்கிட்டு அடுத்த தெருவுக்குப் போயிடுச்சு."

பிச்சுமணி கீழே வைத்த வடையை எடுத்துக் கடித்தார்.

"இதை நான் நம்பறேன்" என்றார் இருதயராஜ்.

பிச்சுமணிக்குப் புரை ஏறிவிட்டது. ஜுலேகா டீச்சர் தலையில் தட்டினார். அதோடு முடிந்திருக்க வேண்டும். நல்ல இடம், சிரிப்போடு எழுந்து போயிருக்கலாம். ஆனால் புளுகனுக்கு எழுந்து போகும் இடம் தெரியாது.

டிங்.

"அவ்வளவு அருமையான செடியை விட்டுட்டு வர மனசு வரலை" என்றார் வைத்தியலிங்கம். "ஒரு பிள்ளையைச் சாக்ஸுக்குள்ள சுருட்டிக் கொண்டாந்துட்டேன். ஏர்போர்ட்ல மோப்ப நாய் வந்துச்சு. என் காலை ஒரு தடவை மோந்துச்சு. அப்படியே என் ஷூ மேல தலையை வச்சுக் குறட்டை விட்டுச்சு. அதிகாரிங்க நாலு பேர் சேர்ந்து நாயைத் தூக்கிட்டு, சாரி சார்னு என்னை அனுப்பிட்டாங்க."

இருதயராஜ் சிரிக்கவில்லை. டம்ளரைத் தரையில் வைத்தார்.

"அந்தச் செடி இப்ப எங்க?"

இந்தக் குரல் வேறு குரல். பிச்சுமணிக்குக்கூட அது தெரிந்தது. வைத்தியலிங்கத்துக்கு மட்டும் தெரியவில்லை. கதையில் மேலே என்ன என்று ஒருவர் கேட்டுவிட்டார் என்ற ஆனந்தத்தில் அவர் கையை நீட்டினார். மாடியின் கிழக்கு மூலையில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், பழைய கொசுவலையால் மூடிய ஒரு தொட்டி நின்றது.

திரிபுரசுந்தரி முறத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். அந்தத் தொட்டியில் இருந்தது அவள் போட்ட புளிச்சைக்கீரை. சிட்டுக்குருவி கொத்துகிறது என்று அவள்தான் வலை கட்டியிருந்தாள்.

இருதயராஜ் எழுந்து போய் வலையின் ஒரு முனையைத் தூக்கினார். விரல் விரித்த கை போல ஓர் இலை வெளியே எட்டிப் பார்த்தது. அவர் தம் உத்தியோக காலத்தில் கஞ்சாவைப் பொட்டலமாகப் பார்த்திருக்கிறார், மூட்டையாகப் பார்த்திருக்கிறார். பச்சையாக வெயிலில் நிற்கும் செடியாகப் பார்த்ததில்லை. கையேட்டில் போட்ட படத்தில் விரல் விரித்த இலைதான் இருந்தது.

"புளிச்சைக்கீரை மாதிரில்ல இருக்கு" என்று ஜுலேகா டீச்சர் ஓர் இலையைக் கிள்ளப் போனார்.

"மாதிரிதான் டீச்சர். அதுதான் அதோட கெட்டிக்காரத்தனம்" என்றார் வைத்தியலிங்கம். "ஊர் விட்டு ஊர் வந்தா வேஷம் போடத் தெரியணும்."

"தொடாதீங்கம்மா" என்றார் இருதயராஜ். "சாட்சிப் பொருள்."

சட்டைப்பையிலிருந்து கைபேசியை எடுத்தார். "சார், நான் விளையாடலை. இது பெரிய கேஸு. உள்ள போனா சுலபமா ஜாமீன் கிடையாது. வயசையும் பார்க்க மாட்டான், பென்ஷனையும் பார்க்க மாட்டான். தெரிஞ்சும் பேசாம இருந்தா நானும் உடந்தை. ஒரே வார்த்தை சொல்லுங்க. இவ்வளவும் புளுகு, இது வெறும் கீரைன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிடுங்க, நான் வடையைத் தின்னுட்டுக் கீழே இறங்கிடறேன். இல்லை, கஞ்சாதான்னா, இப்பவே ஸ்டேஷனுக்குப் பேசறேன்."

வைத்தியலிங்கம் வலையைப் பார்த்தார். மோதிர விரல் டம்ளரை நோக்கிப் போய், தொடாமல் நின்றது. அவர் முகம் மெல்ல மெல்ல ஜன்னலோரத்து முகமாக மாறிக்கொண்டிருந்தது. பனி கொட்டுவதுதான் பாக்கி.

அந்த முகத்தைப் பார்த்ததும் திரிபுரசுந்தரிக்குக் கோபம் வந்தது. என்ன மனிதர் இவர். ஜெயிலுக்குப் போனாலும் போவார், கீரை என்று சொல்ல மாட்டார். கீரை என்று அவள் சொல்லிவிடலாம். இரண்டு வினாடி வேலை. மகனும் இரண்டு வினாடியில்தான் சொன்னான்.

மடியிலிருந்த முறத்தை இறக்கி வைத்து எழுந்தாள். நேரே போய் வலையை உருவிப் போட்டுவிட்டு, இலையைக் கிள்ளிக் கிள்ளி முந்தானையில் சேர்க்க ஆரம்பித்தாள்.

"அம்மா, சாட்சிப் பொருள்னு சொல்றேன்."

"போன வெள்ளிக்கிழமை சாப்பிட்டப்ப உங்களுக்குச் சாட்சிப் பொருளா தெரியலையா சார்?"

"என்னது?"

"துவையல். உங்க வீட்டுக்கு ஒரு கிண்ணம் குடுத்து அனுப்பினேனே. டீச்சர் வீட்டுக்கு ஒண்ணு, பிச்சுமணி வீட்டுக்கு ஒண்ணு. இந்தச் செடிதான். இதே தொட்டி."

இருதயராஜின் கைபேசி பாதி உயரத்தில் நின்றது. "அது புளிச்சைக்கீரைத் துவையல்."

"நான் அப்படிச் சொல்லித்தான் குடுத்தேன்."

அவள் சொன்னதில் ஒரு சொல் பொய் இல்லை. அந்தத் திருப்தியோடு அடுத்த இலையைக் கிள்ளினாள்.

"ரொம்ப நல்லாருந்துச்சுன்னு உங்க வீட்டம்மா மறுபடி கிண்ணத்தை அனுப்பினாங்க. நீங்க சாப்பிட்டுட்டு மத்தியானம் படுத்தவர் விளக்கு வச்சப்புறம்தான் எழுந்தீங்களாம். தூக்கத்துல மாதா பாட்டு பாடினீங்கன்னு சொல்லிச் சிரிச்சாங்க."

இருதயராஜ் மீசையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார், அது இருக்கிறதா என்பது போல.

"அதான்" என்றார் பிச்சுமணி மெதுவாக. "அன்னிக்கு நான் நியூஸைப் பார்த்து ஒரு மணி நேரம் சிரிச்சேன். என் பொண்டாட்டி பயந்துட்டா."

"எனக்கு மூட்டு வலி விட்டுப்போச்சு" என்றார் ஜுலேகா டீச்சர். "தைலம்னு நினைச்சேன். அன்னிக்கு ராத்திரி பசின்னா அப்படியொரு பசி."

எல்லோர் முகத்திலும் பயம் இருந்தது. பயத்துக்கு அடியில் வேறு ஒன்றும் இருந்தது. அதை அவர்கள் ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ளவில்லை.

"ஸ்டேஷனுக்குப் பேசுங்க சார்" என்றாள் திரிபுரசுந்தரி. "கை காட்டினது இவர், அரைச்சது நான், தின்னது நீங்க. வண்டி பெரிசா வரச் சொல்லுங்க."

இருதயராஜ் வெகுநேரம் செடியைப் பார்த்தார். பிறகு கைபேசியைப் பைக்குள் போட்டார். தொண்டையைச் செருமிக்கொண்டு, பெட்டி கேஸில் தீர்ப்புச் சொல்கிற தோரணையில் சொன்னார்:

"இது புளிச்சைக்கீரை. நான் பார்த்துட்டேன். எல்லாரும் கேட்டுக்கோங்க. இது புளிச்சைக்கீரை."

"நீங்க சொன்னா சரி சார்" என்றார் பிச்சுமணி. நம்பவில்லை. யாருமே நம்பவில்லை. நாற்பது வருஷத்தில் முதல்முறையாக வைத்தியலிங்கம் சொன்னதை ஒரு கூட்டம் முழுக்க நம்பியது. கீரை என்று சொன்ன இன்ஸ்பெக்டர்தான் எல்லோரையும்விட அதிகமாக நம்பினார்.

மத்தியானம் துவையலைப் பிசைந்துகொண்டே வைத்தியலிங்கம் அவளை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"நீ சொன்னது கொஞ்சம் ஜாஸ்தி" என்றார்.

"எது பொய்?"

யோசித்தார். ஒன்றும் அகப்படவில்லை. அந்த மனிதருக்கு அதுவரை தெரியாத தந்திரம் அது. இன்னொரு கரண்டி சாதம் போட்டுக்கொண்டார்.

பொழுது சாய்வதற்குள் பிச்சுமணி கழுவின கிண்ணத்தோடு வந்து நின்றார். "அக்கா, அந்தக் கீரை இருந்தா கொஞ்சம்." ஜுலேகா டீச்சர் கீரை கேட்கவில்லை, குச்சி ஒன்று ஒடித்துத் தர முடியுமா என்று கேட்டார். மறுவாரம் இருதயராஜ் படிக்கட்டில் எதிரே வந்தார். மேலும் கீழும் பார்த்துவிட்டு, காப்பியில் நடவேண்டுமா, வெறும் தண்ணீர் போதுமா என்று விசாரித்தார். இரண்டு மாதத்தில் அந்த மாடியில் நாலு மூலையிலும் நாலு கொசுவலை நின்றது. ஒவ்வொன்றுக்கும் உள்ளே புளிச்சைக்கீரை விரல் விரித்துச் செழிப்பாக வளர்ந்தது. மாவுப்பூச்சி எல்லாவற்றிலும் வந்தது. எல்லோரும் வேப்பெண்ணெய்தான் அடித்தார்கள்.

வைத்தியலிங்கம் மறுவருஷம் ஆடியில் தூக்கத்திலேயே போனார். மகன் கனடாவிலிருந்து வந்து சேர்ந்தான். மோதிரம் விரலை விட்டுக் கழலவில்லை. அதோடேயே எரித்தார்கள்.